அவிசெ என்றால் எந்த விதை, பாவா?

பாவா,

உன் பெண்டாட்டி, என் அக்கா, கோழிகளுக்கு ஆளி விதை வறுக்கிறாள். வாணலியில் அது படபடவென்று வெடிக்கும்போதெல்லாம் எழுந்துபோய், ஆளிதானா என்று பார்க்கிறேன். நீ போன பிறகு நாங்கள் வாங்கிய முதல் விடைக்கோழிகள், இன்னும் முட்டையிடாத இளங்கோழிகள்; முட்டைக்கு நெருங்கிவிட்டன. விடைக்கோழி வளர்த்த நீ விடைபெறாமலே போய்விட்டாய். வண்டியில் ஆர்.கே.பேட்டை வரை போய்வருகிறேன் என்றாய். போனாய், அவ்வளவுதான்; இன்னும் திரும்பவில்லை.

"கேள்வியே இல்லாம இத்தினி விடைய வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று நான் உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"பரீட்சைக்கு எட்த்துகினு போ. நீயா எழுதி எப்ப பாஸாவறது?" என்றாய்.

அது உன் முதல் கோழிக்கூட்டம். "இதுங்க நல்லா முட்ட வெச்சா தறிய விட்டு எறங்கிடுவேன்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாய். முட்டைக்கு வரும் பருவத்தில் தீவனத்தோடு கொஞ்சம் ஆளி விதை கலந்து கொடுத்தால் மஞ்சள் கரு நன்றாக இருக்கும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். நீ திருத்தணிக்குப் போய், விதை என்றால் விதைக்கடைதானே என்று அங்கே நுழைந்து, நம் வீட்டுத் தெலுங்கில் "அவிசெ விதை" கேட்டு வாங்கி வந்தாய்.

அந்தப் பையிலிருந்து எனக்கும் ஒரு பிடி எடுத்தேன். ஆளி விதையைக் கொதிக்க வைத்தால் வழவழவென்று பசை வரும், தலைமுடிக்குத் தடவலாம். கொதித்தது, கொதித்தது, வழவழப்பே வரவில்லை. ஒரு விதையை எடுத்துப் பார்த்தேன். அம்மா வேலியோரம் ஊன்றுகிற அகத்தி விதை. தெலுங்கில் ஆளியும் அவிசெ, அகத்தியும் அவிசெ! கடைக்காரர் அவருக்குத் தெரிந்த அவிசெயைக் கொடுத்திருக்கிறார்.

ஓடி வந்தேன். நீ அதை அரைத்துக் கலந்து, முதல் தட்டில் கொட்டிவிட்டு, வாளியோடு இரண்டாவது தட்டுக்குக் குனிந்துகொண்டிருந்தாய்.

"பாவா, போடாத! அது ஆளி இல்ல, அகத்தி!"

நீ நிமிரவே இல்லை. "போடி வாலு. நேத்து டாக்டர் கொரல்ல போன் போட்டு, கோழிக்குத் தாலாட்டு பாடுன்ன. நானும் பாடித் தொலைச்சேன். இன்னிக்கி அகத்தியா?"

"சத்தியமா பாவா."

"நீ சத்தியம் பண்ணாதான் எனக்கு சந்தேகமே வரும்."

முதல் தட்டைச் சுற்றிக் கோழிகள் முண்டிக்கொண்டிருந்தன. என்னிடம் ஒரு சிலேடையும் இல்லை. அழுகை வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நீ என் முகத்தைப் பார்த்தாய். விதையைக் காட்டு என்று கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோழிகளை விரட்டி, தட்டைக் கவிழ்த்துத் துடைத்த பிறகுதான் டாக்டருக்குப் போன் போட்டாய்.

"அகத்தி விதை கோழிக்கு ஆவாது. எல்லாத்தையும் எடுத்துடு, நல்ல தண்ணி வை. எதுனா குறுகி உக்காருதான்னு பாத்துகினே இரு" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். கொண்டை சாய்ந்த ஒன்று, இரை தொடாமல், மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்தது.

"போச்சு" என்றாள் அக்கா.

நீ தண்ணீரை அதன் பக்கம் நகர்த்தி வைத்தாய். வெகுநேரம் கழித்து அது எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, ஒரே கத்தாகக் கத்தியது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் சின்னதாய் ஒரு முட்டை! கொட்டகையின் முதல் முட்டை. நீ அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். மற்றவையும் பிழைத்துக்கொண்டன.

ஊரையே ஏமாற்றுகிற என்னை, ஆதாரம் கேட்காமல் நம்பினாய். அன்றிலிருந்து இந்த வாய்க்கு ஒரு தொல்லை. உன் விஷயத்தில் மட்டும் அதற்குப் பொய் வருவதில்லை.

இப்போதுகூட தெருவில் ஒரு வண்டி திரும்பியது. அக்கா கரண்டியை நிறுத்தினாள்.

"அவரு வண்டி சத்தம் மாதிரி இருக்குதில்லடி?"

ஆங் என்றால் போதும். ஒரு நிமிஷமாவது அவள் முகம் மலர்ந்திருக்கும்.

"இல்லக்கா" என்றேன்.