அருவிக்குக் காட்டிய முதுகு

அண்ணாச்சி, இன்று காலையில் பேத்தியின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார்கள். ஈரம் காயாத அந்தச் சுண்ணாம்பு வாடை வீட்டுக்குள் வந்ததுமே எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது. பாசத்தில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்து என் முதுகெலும்பு உடைந்தபோது கைக்குழந்தைக்கு நாலு மாதம். அதன் அப்பா கொழும்பில் இருந்தார். அதனால் தென்காசியில் கூடப்பிறந்த அண்ணன் உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் கிடந்தேன். மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் என் கால் எலும்பில் ஒரு சில்லு எடுத்து, முதுகில் பட்டை மாதிரி வைத்துத் தைத்தார். அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. ஆறு மாதம் அசையக் கூடாது, எலும்போடு எலும்பு ஒட்ட வேண்டும், ஒட்டிவிட்டால் பிள்ளையைத் தூக்கலாம் என்றார். எனக்கு அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது.

உங்களுக்கு அதுவும் விழவில்லை. மூன்றாம் மாதம் ஆடி பிறந்தது. குற்றாலத்தில் நல்ல சாரல். ஊரில் யாருக்கு முதுகு பிடித்தாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவதுதானே நம் ஊர் வைத்தியம்!

"ஏட்டி, இன்னும் எத்தன நாளு இப்பிடிச் சிமிண்டுத் தூணு மாதிரி கெடப்பே? பெரிய அருவில முதுகக் காட்டினா அம்புட்டு வலியும் பறந்துரும்."

"டாக்டர் ஆறு மாசம்னு சொல்லியிருக்காருல்லா அண்ணாச்சி."

"அவன் என்னத்தக் கண்டான்? அவன் ஊருல அருவி உண்டுமா? குளிச்சிட்டு வா, பத்தே நாள்ல பிள்ளையத் தூக்கிருவே."

அந்த ஒரு சொல்லுக்கு மசிந்தேன். அந்த மடத்தனத்துக்காக என்னையும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

தகரம் வெட்டும் கத்திரியோடு கொல்லாசாரியைக் கூட்டிவந்து மாவுக்கட்டை வெட்டவைத்தீர்கள். "அண்ணாச்சி, இது பானையில்ல, பொம்பள" என்று அவரே கத்திரியைக் கீழே வைக்கப் பார்த்தார். வெந்நீர் ஊற்றி உரித்தெடுத்து, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கொண்டுபோனீர்கள். பெண்கள் பக்கம் நீங்கள் வர முடியாது. உங்கள் பெண்டாட்டி, என் மதினிதான் எண்ணெய் தேய்த்து, என்னைத் தாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பக்கமிருந்து உங்கள் சத்தம் மட்டும் அருவியையும் மீறிக் கேட்டது.

"நடுவுல நிக்கச் சொல்லுட்டி! ஓரத்துல நின்னா நனையத்தான் செய்யும்!"

நடுவில் நின்றேன். ஒரு மூச்சுக்கூட இழுத்திருக்க மாட்டேன். முதுகுக்குள் ஏதோ நழுவியது, கால் என்னுடையதாக இல்லை. மதினி போட்ட கூச்சலுக்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் அப்படியே காதில் இருக்கிறது: "அப்பிடித்தான் இருக்கும். வலி வெளிய போவுதுல்லா."

திரும்பும்போது வண்டியில் குப்புறக் கிடந்து நான் கதறினேன். நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழம் உரித்துத் தின்றீர்கள். மதினிக்கும் இரண்டு சுளை நீட்டினீர்கள். அவள் வாங்கவில்லை.

ஒட்டிவந்த எலும்பு விலகிவிட்டது என்றார் டாக்டர். "குளிக்கையில வழுக்கிட்டா சார்" என்றீர்கள், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். இன்னும் பத்து மாதம் என்று மறுபடி கட்டுப் போட்டார்கள்.

அந்தப் பத்து மாதமும் வலியை எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? மாத்திரை வேளைக்கு ஒன்றுதான். அது தீர்ந்து அடுத்தது வரும்வரை மனசுக்குள் உங்களை வைவேன். சின்ன வயசில் நீங்கள் பிடுங்கித் தின்ற பனங்கிழங்கில் தொடங்கி, ஒன்றுவிடாமல், வரிசையாக. மங்குஸ்தானுக்கு வந்து சேர்வதற்குள் வலி ஒரு படி இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் மறுபடி பனங்கிழங்கு. ஈர்க்குச்சியைக் கட்டுக்குள் விட்டு அரிப்பைச் சொறிந்தேன். மரக்கட்டையைப் போல் உடம்பை ஒன்றாகப் புரட்டக் கற்றேன். ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டுக் கையூன்றி எழக் கற்றேன்.

எழுந்து உட்கார்ந்த நாளில் என் மகள் நடந்தே வந்தாள். என்னைப் பார்த்து மிரண்டு, மதினியின் சேலைக்குள் போய் ஒளிந்தாள். மதினியைத்தான் அம்மா என்றாள். இனி ஆயுசுக்கும் குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வயசாகி நீங்களும் படுத்தீர்கள். உங்கள் மருமகள்கள் தோளை மட்டும் பிடித்து இழுக்க, ஊரே கேட்கக் கத்தினீர்கள். நான்தான் வந்து, ஒருத்தி தோளிலும் ஒருத்தி இடுப்பிலும் கை கொடுத்து ஒரே சமயத்தில் எப்படிப் புரட்டுவது என்று காட்டிக்கொடுத்தேன்.

"ஒனக்குத்தாம்ட்டி பக்குவம் தெரியுது."

"யாரால தெரிஞ்சுதுன்னும் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூக்கமாம். இமை துடித்ததை நான் பார்த்தேன். "தப்புத்தாம்ட்டி" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதைக்கூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தீர்கள்.

மகளை நான் ஒருநாளும் இடுப்பில் வைத்ததில்லை. அவள் பிள்ளைகளையும் யாராவது தூக்கி என் மடியில் வைக்க வேண்டும். வைக்கும்போதெல்லாம் முதலில் உங்களைத்தான் நினைக்கிறேன் அண்ணாச்சி. அதற்குப் பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன்.