வடிதாளின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு

என்னங்க,

கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொல்வீர்கள். இனி அதுவும் வராது என்று தெரிந்தேதான் கூப்பிடுகிறேன். தை பிறந்துவிட்டது. சம்பா அறுப்பு தொடங்கியாச்சு. வருகிற வளர்பிறைத் தசமியில் உங்களுக்குத் தலைத்திவசம்.

சந்தோஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வரவு செலவை ஒப்பிப்பதுபோல இதையும் உங்களிடம் ஒப்பித்துவிடுகிறேன்.

திருவாரூர்ப் பக்கத்துக் கிணறுகளில் எடுக்கும் கச்சா எண்ணெயை நீங்கள் சோதித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், உங்கள் சட்டையைத் துவைத்துத்தான் அந்த வேலையை நான் அறிந்தேன். எட்டாவதோடு நின்றவள். ஆனால் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொல்வீர்கள். எண்ணெய்க்குள் தார் போலக் கனத்த ஒன்று கரைந்தும் கரையாமலும் கிடக்கிறது, அதற்குப் பெயர் அஸ்ஃபால்டீன். அது அடங்கியிருக்கும்வரை எண்ணெய் ஓடும். திரிந்து அடியில் இறங்கினால் குழாய் அடைக்கும். ஹெப்டேன் என்கிற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, எத்தனை மில்லியில் திரிகிறது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது புரியாதா?

ஒருநாள் இரண்டு வடிதாள்களைக் கொண்டுவந்து காட்டினீர்கள். ஒன்றில் எண்ணெய்ச் சொட்டு ஒரே பழுப்பாகப் பரவியிருந்தது. மற்றதில் நடுவே கறுப்பாக ஒரு வட்டம்.

"பொட்டு வெச்ச மாதிரி அழகாத்தானே இருக்கு?" என்றேன்.

"உன் நெத்தியில இருந்தா அழகு. இதுல வந்தா எண்ணெய் திரிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ரெண்டு கிணத்து எண்ணெயும் தனித்தனியா நல்லாத்தான் இருந்துச்சு. சேத்ததும் வம்பு" என்று சிரித்தீர்கள்.

நம் வீட்டிலும் இப்போது அதே வம்புதான்.

பெரியவன் வயலில். சின்னவன் உங்களைப் போலவே எண்ணெயில், சென்னைப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில். இருவருக்கும் நடுவில் நீங்கள் இலை போட்டு உட்கார்ந்தவரை ஒருவன் பேச்சு மற்றவனைச் சுட்டதில்லை. அந்தக் கனத்த பொருளைத் தாங்கிப் பிடிக்க எண்ணெயிலேயே பிசின் மாதிரி ஒன்று உண்டு என்பீர்களே. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டாமா?

நம் வாய்க்கால் ஓரமாகப் புது எண்ணெய்க் குழாய் போடக் கம்பெனிக்காரர்கள் அளக்க வந்தார்கள். பெரியவன் விடவில்லை. "விட்டா என்னண்ணே?" என்று சின்னவன் போனில் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

கார்த்திகையில் நான் ஒரு காரியம் செய்தேன். ஒருவனுக்குத் தெரியாமல் மற்றவனை வரச்சொல்லி, இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

"வாங்க சார். எண்ணெய்க்காரங்கள்லாம் சேத்துல கால் வெப்பீங்களா?" என்றான் பெரியவன்.

"உன் டிராக்டருக்கு என்னண்ணே ஊத்துற, காவேரித் தண்ணியா?"

"அப்பா எண்ணெயை அளந்தாருடா. நீ நம்ம வயலை அளக்க வர்றவனுக்குப் பரிஞ்சு பேசுற."

சின்னவன் ரசத்துக்கு முன்பே எழுந்துவிட்டான். இலையை மடிக்கவும் இல்லை. ஒரேயடியாக ஊற்றினால் திரியாததும் திரியும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! அடுப்படியில் நின்றபோது அதுதான் காதில் கேட்டது.

போன வாரம் ஐயர் வந்தார். "பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே பண்றாங்க? பாகம் பிரிஞ்சவங்கதான் தனித்தனியா பண்ணுவாங்க" என்றார். பெரியவன் என்னைப் பார்த்தான். சின்னவனுக்குப் போன் போட்டேன். "நான் இங்கயே பண்ணிக்கிறேம்மா. அண்ணன்கிட்ட சொல்லிடு" என்றான். சொன்னேன். பெரியவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

காணியைப் பிரிக்குமுன் உங்களைப் பிரித்துவிட்டோம்.

படிந்தது மறுபடி கரையுமா என்று ஒருமுறை கேட்டேன். "டொலுவீன்னு வேறொரு திரவம் விட்டா கரையும். ஆனா திரிஞ்ச வேகத்துல கரையாது" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் சாமி விளக்கு முன்னால் தினம் நினைத்துக்கொள்கிறேன். இனி இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க அவசரப்பட மாட்டேன். அண்ணனுக்கு அறுப்பில் கை கிழிந்ததைத் தம்பியிடமும், தம்பிக்கு இருமல் நிற்காததை அண்ணனிடமும், சொட்டுச் சொட்டாகச் சொல்லிவருவேன். கரையுமா? நீங்கள் இருந்தால் தாளைப் பார்த்துச் சொல்வீர்கள்.

தசமியன்று இரண்டு ஊரில் இரண்டு இலை. காக்கையாக எந்த இலைக்கு வருவீர்கள்? முதலில் சின்னவனிடம் போங்க. அவனுக்குக் காத்திருக்கத் தெரியாது. காக்கை வராவிட்டால் அப்பா கோபம் என்று நினைத்துக்கொள்வான். பெரியவன் எவ்வளவு நேரமானாலும் கொல்லையில் நிற்பான். நானும் அவன் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் வந்து வாய் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். மெதுவாகவே வாங்க.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா