நாங்கள் என்றால் யார்

நாள் 61. 09:10
தலைவலி எதுவும் இல்லை. இந்த வாரமும் ஸ்கேன் எடுத்தேன், அவ்வளவுதான். நிலவின் கதிர்வீச்சு மூளையை அல்சைமர் போல மாற்றுமா என்பது என் ஆய்வு. ஆய்வாளர் நான். மாதிரியும் நான். என்னோடு வேலை பார்த்த சவரிமுத்து சென்ற மாத விண்கலத்தில் பூமிக்குப் போய்விட்டதால் இந்த நிலவு நிலையத்தில் வேறு யாரும் இல்லை.

வெண்பொருளில் சில புள்ளிகள். வெண்பொருள், மூளையின் கம்பிகள். ஒரு பகுதி சொல்வதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது.

கருவிக் கோளாறு என்று குறித்தேன்.

நாள் 68. 13:40
தரைக்கட்டுப்பாட்டிலிருந்து ஜெபமணி:

"வேணிக்கா, 'நாங்க சாப்ட்டோம்'னு சொல்லிருக்கீங்க. நாங்கன்னா யாரு? நீங்களும் அந்த கெட்டிலுமா?"

சிரித்தேன். வாய் தவறிவிட்டது என்றேன்.

பிறகு தரைக்கு அனுப்பிய என் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். எல்லாவற்றிலும் நாங்கள்.

நாள் 75. 10:05
புள்ளிகள் சேர்ந்து திட்டாகிவிட்டன. கருவியைச் சோதித்தேன். கருவி நன்றாக இருக்கிறது.

அல்சைமர் நோயாளி ஒருவரின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். எது என்னுடையது? பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெபமணியிடம் சொன்னால் நிலையத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆய்வு நிற்கும்.

சொல்லவில்லை.

நாள் 79. 16:20
வெளிக்கதவின் முன் நின்றிருக்கிறேன். பொத்தானில் விரல். விண்ணுடை அணியவில்லை. சவரிமுத்து வெளியே நிற்கிறார், பாவம், எவ்வளவு நேரமாக.

அவர் பூமியில் இருக்கிறார். பூமியில்.

விரலை எடுக்க நேரமாயிற்று.

ஜெபமணியை அழைத்தேன். ஸ்கேன், கதவு, எல்லாம் சொன்னேன். கதவுகளின் பூட்டைத் தரைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினால் என்னால் திரும்பப் பெற முடியாது. தெரிந்தேதான் கேட்டேன்.

ஜெபமணி:

"மாத்துறேன்க்கா. ஒங்கள கூட்டிட்டு வர கலம் அனுப்புறோம். அதுவரைக்கும் லைன்லயே கெடக்கேன், எனக்கென்ன வேல. ஆனா ஒண்ணு. நாங்கன்னு சொன்னா அதுல நான் கெடையாதுல்லா? நாமன்னு சொல்லுங்க."

நாள் 79. மாலை
கதவை நாம் பூட்டினோம்.

கலம் வரும். எப்போது என்று ஜெபமணி சொன்னாள். சொன்னாள்.

'கருவிக் கோளாறு' என்பதை அடித்துவிட்டு, 'மாதிரியில் மாற்றம்' என்று எழுதினேன்.

மேசையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் சோறு ஒட்டியிருந்தது.

கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.