முட்டிக்குச் சொன்ன பொய்கள்

11-1-1954, திங்கள்
சைக்கிளில் ரொட்டிக் கூடையோடு மாமல்லபுரம் போய் வந்தேன். செங்கல்பட்டிலிருந்து பதினெட்டு மைல்; என் கணக்கில் இருபத்தைந்து. வலது முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் லாரி மோதிய முட்டி. லாரிக்குத்தான் சேதம் அதிகம். ஆடு குறுக்கே வந்து நான் விழுந்ததாகச் சொல்வாள் என் வீட்டுக்காரி ராபியா. விழுந்தது அவளா, நானா?

இனி சைக்கிள் கூடாது என்றார் டாக்டர். ராபியா பிடித்துக்கொண்டாள். "வண்டிய எந்தம்பி அமானுல்லாவுக்குக் குடுத்துட்டு, நம்ம ரொட்டிக் கடையில குந்துங்க."

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஈ ஓட்டவா பிறந்தான் ஷேக் தாவூத்?

14-1, வியாழன்
குடியரசு தினத்தன்று வாலிபர் சங்கம் சைக்கிள் பந்தயம் வைக்கிறது. மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும். பேர் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தாறு; முப்பத்தொன்பது என்றேன். எழுதியவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முப்பதுதான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

ராபியாவோடு ஒப்பந்தம்: முழுக்க மிதித்து முடித்தால் வண்டி எனக்கு. இல்லாவிட்டால் மறுநாளே அமானுல்லாவுக்கு.

அவன் சிரித்தான். "மச்சான், திருக்கழுக்குன்றத்துல பஸ் மேல வண்டிய ஏத்திகினு வந்துடாதீங்க."

என்ன நாக்கு அது!

19-1
பயிற்சி. ஒரு வித்தை கண்டுபிடித்தேன்: முட்டிக்குக் காது உண்டு. 'அந்தப் புளியமரம் வரைக்கும்தான்' என்றால் நம்பி மிதிக்கிறது. மரம் வந்ததும் அடுத்த மரத்தைக் காட்ட வேண்டும். ஊரையே நம்ப வைத்தவனுக்கு ஒரு முட்டி எம்மாத்திரம்?

23-1
வலி. ராபியா எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இன்னாத்துக்கு இந்த வீம்பு?" என்றாள். இருக்கட்டும்.

26-1, செவ்வாய்
பதினேழு பேர் கிளம்பினோம். முதல் மைலில் நான்தான் முன்னால் – சரி, முதல் பர்லாங்கில். போகும்போது பொய் நன்றாக வேலை செய்தது. மாமல்லபுரத்தில் கையில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பும்போது, சவுக்குத்தோப்பைத் தாண்டியதும் முட்டிக்குக் காது செவிடாகிவிட்டது. மரத்தைக் காட்டினேன், மைல்கல்லைக் காட்டினேன், பிரியாணி தருகிறேன் என்றேன். ம்ஹூம். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வாந்தி எடுத்தேன். எதிரே செங்கல்பட்டு பஸ். கூரை காலி. கண்டக்டர் கேட்டார்: "இன்னா பாய், வண்டிய ஏத்தட்டா?"

ஏத்துவானாம்! யாரைப் பார்த்துக் கேக்கறான்?

அங்கேதான் முட்டியிடம் நிஜத்தைச் சொன்னேன். இன்னும் ஒம்போது மைல் கீது. மரம் கிரம் எல்லாம் கதை. வலிக்கும். கடைசி வரைக்கும் வலிக்கும். வேணாம்னா இங்கியே கழண்டு விழு, நான் ஒத்தக் கால்ல மிதிச்சிகினு போறேன்.

வந்தது. அழுதுகொண்டே வந்தது. அழுதது யார், அதுவா நானா? இரண்டு பேரும்தான்.

மணி இரண்டு. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். சங்கத்தார் ஒருவரும் இல்லை. ராபியாவும் அமானுல்லாவும் மட்டும் நின்றார்கள்.

"பஸ்ஸு லேட்டா மச்சான்?"

எதிராளிகள் பத்துப் பேர் சேர்ந்து என்னைப் பள்ளத்தில் தள்ளினார்கள் – வாய் வரைக்கும் வந்துவிட்டது. ராபியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி," என்றேன். "மூணு தபா இறங்கினேன். ஏரிக்கரை மேட்டுல மிதிக்க முடியல. அரை பர்லாங்கு தள்ளிகினுதான் வந்தேன்."

"அப்ப முழுக்க மிதிக்கல," என்று அமானுல்லா ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"கைய எட்றா," என்றாள் ராபியா. "பஸ்ஸுல வந்த மனுசன் தள்ளிகினு வந்தேன்னு சொல்லுவாரா? பதினெட்டு வருசமா, தோத்தேன்னு இவரு வாயால நான் கேட்டதே இல்ல."

1-2, திங்கள்
ஐந்து நாள் ஓய்வு போதும். இன்று மாமல்லபுரம். காலையில் ராபியா முட்டிக்குத் துணி சுற்றிக் கட்டினாள். கூடையில் பாதிதான் ரொட்டி அடுக்கியிருந்தாள். அவள் உள்ளே போனதும் மீதியையும் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.