புகைபோக்கியைப் பார்த்த கோல்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எந்த மைதானத்தில் நிற்கிறீர்களோ தெரியவில்லை. அங்கேயும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கோலைக் காத்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மில் புட்பால் சங்கத்துக்கு ஆண்டறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற வருஷம் எங்கே கோட்டை விட்டோம், வருகிற வருஷம் எந்த இடத்துக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கேப்டன் நான்தானே, வேறு யார் எழுதுவது? ஆனால் உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் உங்களிடம் பேசுவதாகவே வருகிறது. சரி, உங்களுக்கே எழுதிவிடுகிறேன், சங்கத்தார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் சமாசாரம். உங்கள் பொன்னாத்தாள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு பல மாதம் அவள் வாசற்படி தாண்டவில்லை. இப்போது அண்ணன் என்றும் பாராமல் என்னை அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மில்லுக்குப் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்டு வந்து, கொதிகலனை அணைத்துவிட்டார்கள். உங்கள் காலத்தில் புகைந்துகொண்டிருந்த அந்தப் பெரிய புகைபோக்கி வேலைவெட்டி இல்லாமல் நிற்கிறது.

இனி தோல்விக் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் இடத்துக்கு மாரப்பனைப் போட்டேன். பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை செய்கிறானே, நிலைப்படியில் தலைகுனிந்தே நுழைகிற நெட்டையன், அவன்தான். வெளியூர் மைதானங்களில் பந்தை நன்றாகத்தான் பிடித்தான். நம் சொந்த மைதானத்தில், அதுவும் இரண்டாவது பாதியில்தான், கோல் மேல் கோலாக வாங்கினான். தன் வீட்டில் எலி, வெளியே புலி என்றால் எந்த ஊர் நியாயம்?

உங்கள் வழக்கம் ஒன்றையும் நாங்கள் விடவில்லை, மாப்பிள்ளை. டாஸ் போடும்போது என் காதோரம் வந்து நீங்கள் சொல்வது இன்னும் கேட்கிறது. "ரெண்டாவது பாதிக்குப் புகைபோக்கியைப் பாத்த கோலு நமக்கே இருக்கட்டுங்க மச்சான். பொழுது எறங்கற நேரம் அங்க நின்னா கண்ணு கூசும். ஊடு தேடி வந்தவங்களை வெயில்ல நிறுத்தலாமுங்களா?"

நம்மோடு ஆட வருகிற சோமனூர் அணிக்காரர்கள் இதை ஊரெல்லாம் சொல்லிப் புகழ்ந்தார்கள். நீங்கள் போன பிறகு அதையே உங்கள் நினைவாக வைத்துக்கொண்டோம். டாஸில் தோற்றால்கூட எதிர் கேப்டனிடம் கெஞ்சி அந்தக் கோலையே கேட்டு வாங்கினேன். எரிகிற வெயிலைக் கொடு என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

அந்தக் கோலுக்கு முன்னால் நீங்கள் நின்று நின்று ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது அல்லவா? வட்டமாகக்கூட இல்லை, சின்ன வாய்க்கால் மாதிரி குறுக்காக நீண்டு கிடக்கும். மாப்பிள்ளைக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம். மாரப்பன் அதில் காலே வைக்கவில்லை. எப்போதும் ஓரடி ஒதுங்கியே நின்றான். ஏனப்பா என்றேன்.

"அண்ணன் நின்ன எடமுங்க மேஸ்திரியாரே. மிதிக்க மனசு வரலீங்க."

திட்டியிருக்க வேண்டும். எனக்கும் கண் கலங்கிவிட்டது, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். இப்படியும் ஒரு கேப்டன்! மதுக்கரை அணி கடைசி ஆட்டத்தில் அந்தப் பள்ளத்துக்கு மேலாகவே பந்தை அனுப்பிவிட்டுப் போனது.

மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "மதுக்கரைகிட்ட இன்னொருக்கா தோத்தீங்கன்னா பந்தையும் பனியனையும் ஸ்டோர்ல ஒப்படைச்சிருங்க. மைதானத்துல பஞ்சுக் குடோன் கட்டிக்கறோம்" என்றார். இந்த வருஷம் முதல் ஆட்டமே மதுக்கரையோடுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, நம் மைதானத்தில்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். லெஃப்ட் பேக்குக்கு ஆள் வேண்டும். கோட்டைமேட்டுக் கரீம் பாய் முட்டி போய்விட்டது என்று தானே வந்து சொல்லிவிட்டார். பழக்கிவிட மட்டும் வருகிறார். முன்வரிசையிலும் ஒருவரை மாற்றியாக வேண்டும். சென்டரில் ஆடுகிற சுப்பண்ணனின் மகளை, பக்கத்தில் ஆடுகிற அவர் தங்கை மகனுக்கே நிச்சயம் செய்துவிட்டார்கள். அன்றையிலிருந்து பந்து கோலுக்கு முன்னால் வந்தால், "மாமா, நீங்க அடிங்க" என்று இவன் நிற்கிறான். "அட, நீங்க அடிங்க மாப்பள" என்று அவர் நிற்கிறார். அதற்குள் சோமனூர்க்காரன் வந்து பந்தை உருட்டிக்கொண்டு போய்விட்டான். கல்யாணத்துக்குப் பிறகு இது இன்னும் முற்றும் என்று பயமாக இருக்கிறது.

கோல்கீப்பருக்கு யாரைத் தேடுவது? யார் வந்தாலும் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் ஒதுங்கத்தான் போகிறான். அதனால் அதை மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு வண்டி செம்மண்ணும் சொல்லியாயிற்று. ஆனால் இந்த ஊரில் உங்கள் கால் பட்ட அடையாளம் அது ஒன்றுதானே? பொன்னாத்தாளிடம் கேட்காமல் எப்படி மூடுவது?

கேட்டேன். "நான் ஒருக்கா கண்ணுல பாத்துக்கறனுங்கண்ணா. அப்பறம் மூடிப்போடுங்க" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் அழைத்துப் போனேன். பயிற்சி ஆட்டம் நின்றது. வெள்ளைச் சீலையோடு ஒரு பெண் மைதானத்துக்குள் நடந்து வருவதை நம் ஆட்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? எல்லோரும் விலகி நின்றார்கள். செம்மண் வண்டி ஓரத்தில் நின்றது. அவள் பள்ளத்தின் கரையில் நின்று பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் அதற்குள் இறங்கி, மேற்கே முகத்தைத் திருப்பி, நீங்கள் நிற்பது போலவே நின்றாள்.

"அண்ணா, உங்களுக்கெல்லாம் கண்ணு கூசுதுங்களா?"

அப்போதுதான் பார்த்தேன், அவள் பார்த்த மேற்கையே பார்த்து நாங்கள் அத்தனை பேரும் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறோம். "கூசாம என்ன அம்மணி, நேர் வெயிலாச்சே!"

"எனக்குக் கூசலீங்க. இங்க நெழலு உழுகுதுங்க."

மாப்பிள்ளை, அந்தப் புகைபோக்கியின் நிழல் மைதானம் முழுக்க நீண்டு வந்து அவள் முகத்தில் விழுந்திருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் வெயில், அவள் மேல் மட்டும் நிழல். பார்த்துக்கொண்டே இருந்தோம். பொழுது இறங்க இறங்க நிழல் மெல்ல நகர்ந்தது. அவளும் கூடவே நகர்ந்தாள். பள்ளம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமும் நிழல் போனது.

கரீம் பாய் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! விருந்தாளி விருந்தாளின்னே சொல்லி எல்லாரையும் ஏச்சுப்போட்டாருங்களே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே அண்ணாந்து பார்த்த புகைபோக்கிதான், அதன் நிழல் எங்கே விழுகிறது என்று உங்களைத் தவிர யார் குனிந்து பார்த்தது? எத்தனை சாயங்காலம் வெறுங்காலோடு அந்த நிழலின் பின்னால் நடந்திருக்கிறீர்கள்! உங்கள் கண் தெய்வக் கண் என்று பேசிக்கொண்டு திரிந்தோம். இப்போது யோசித்தால் அதைவிடப் பெரிய விஷயமாக அல்லவா இருக்கிறது?

என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? முதல் பாதியில் எதிராளியின் கோல்கீப்பரும் அதே கோலில்தானே நிற்கிறான், அவனுக்குத் தெரிந்துவிடும் என்றா? இல்லை, மச்சானிடம் சொன்னால் மறுநாள் காப்பி கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றா? இரண்டாவதுதான் என்று பொன்னாத்தாள் சொல்கிறாள். உங்களுக்கு ஏற்ற மனைவிதான்.

மாரப்பன் அப்போதும் தயங்கினான். "இருந்தாலும் அண்ணனோட எடமுங்க..." என்று இழுத்தான்.

பொன்னாத்தாள் அவனை நேராகப் பார்த்தாள். "அவரு இங்க நிக்கறாருன்னுதான ஒதுங்கறீங்க? அவரு நின்னிருந்தா ஒரு பந்தாச்சும் இந்த வழியா போயிருக்குமுங்களா?"

அவள் மேலே ஏறினாள். மாரப்பன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினான். கரீம் பாய் போன முட்டியையும் மறந்து ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து மாரப்பனின் நெஞ்சில் போய் அடங்கியது. செம்மண் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சங்கத்தாருக்குத் தனியாக எழுதித் தருகிற அறிக்கையில் இந்த நிழல் சமாசாரத்தைத் தொடமாட்டேன். இந்தக் கடிதமும் இந்த வருஷ ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகே சங்கத்தார் கைக்குப் போகும். அதுவரை காப்பி கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னாத்தாளும் வருகிறேன் என்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்று நான் கேட்கவில்லை. ஜெயிப்போம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. மதுக்கரைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். டாஸ் போட்டதும் அவர்களுடைய கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊடு தேடி வந்தவங்களை வெயில்ல நிறுத்தலாமுங்களா?" என்று உங்களைப் போலவே கேட்பேன். சிரிக்காமல் கேட்பேன், மாப்பிள்ளை.

இத்தனை வருஷம் ரைட் பேக்கில் உங்களுக்கு முதுகைக் காட்டியே நின்ற,
உங்கள் மச்சான்.