அம்மா அனுப்பிய ஷிட்டோ தொக்கு

கேப் கோஸ்ட், மகளிர் பள்ளி விடுதி

அன்புள்ள அம்மாவுக்கு, அராபா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். படப்பிடிப்பில் வந்த இருமல் நின்றதா?

நீங்கள் கொடுத்தனுப்பிய ஷிட்டோ தொக்கு வந்தது. இங்கே அவரவர் வீட்டுத் தொக்கைப் பகிர்ந்துதான் சாப்பிடுவோம். நம் பாட்டிலை மட்டும் யாரும் தொடவில்லை.

"படத்துல மூத்தாள் மகளுக்கு இவங்கம்மா விஷம் வச்சது இதுலதான்டி!" என்றாள் என் தோழி எக்குவா.

"அது நடிப்புடி. அந்தக் கதையை எழுதினதே எங்கம்மாதான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்போ யோசிச்சு வேற வச்சிருக்காங்க!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

விடுதிக் காப்பாளரும் சிரித்தார். பிறகு பாட்டிலைக் குப்பையில் போட்டார். கவலைப்படாதீர்கள், மரவள்ளி மாவைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர் வரும் ஞாயிறன்று, புதுத் தொக்கு கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவீர்கள் என்றேன். "படத்துலயும் அவங்கதானே முதல்ல ருசி பார்த்தாங்க" என்றாள் எக்குவா. நீங்கள் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க வேண்டாம்.

அவசியம் வாருங்கள், அம்மா. படிப்பு மணி அடித்துவிட்டது. சமைத்து எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிய பிஸ்கட் போதும், பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள்
அராபா