ஆண்பூ: தெரியாது

செம்மண்டலம், கடலூர்
7.6.2010

பெரும்பரங்கி விதை வட்ட உறுப்பினர் திரு. அன்பரசு அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம்தான் வட்டத்தில் சேர்ந்தேன். விதிகள் அச்சடித்த தாள் வந்தது. அதன்படியே எழுதுகிறேன். உங்கள் 38 கிலோ காயின் விதை மூன்று வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரிடம் ஒரு ரகம்தான் கேட்கிறேன். விலை கேட்கவில்லை. தபால்தலை ஒட்டி என் முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கிறது. காய் வந்தாலும் வராவிட்டாலும் எழுதித் தெரிவிப்பேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் விதையை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன்.

இதுவரைக்கும் விதிப்படி. இனிமேல் நான் எழுதுகிறேன், அண்ணா.

கோபப்படாதே. விவசாயப் பத்திரிகையில் உன் காயின் படம் பார்த்தேன். முகம் இல்லை, காய்மேல் வைத்த கை மட்டும். கீழே பெயரைப் படிப்பதற்கு முன்னாலேயே உன் கை என்று தெரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக நான் போட்ட ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுக்கிறார்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். ஆனால் உறை வைத்து விதை கேட்டால், இல்லை என்றாவது பதில் போட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதே! நான் சார்லஸைக் கட்டிக்கொண்டதற்காக என்னோடு யாரும் பேசக்கூடாது என்று உன் மாமனார் போட்ட சட்டம் ஒன்று. வட்டத்தின் தலைவராக அதே உத்திராபதி மாமா போட்ட விதி இன்னொன்று. எது ஜெயிக்கிறது என்று பார்க்கிறேன்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பிரிசில்லா. ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் குப்புற விழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை நாலிலேயே விழுந்துவிட்டதாம். தாவரவியல் படித்தவளுக்கு விதை எப்போது முளைக்கும் என்று தெரிகிறது, பிள்ளை எப்போது புரளும் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வெண்மதி சார்லஸ்
உறுப்பினர் எண் 61


சிதம்பரம்
16.6.2010

உறுப்பினர் திருமதி வெண்மதி சார்லஸ் அவர்களுக்கு,

விதை மூன்று இணைத்துள்ளேன். பெண்பூ என் கொடி. ஆண்பூ திட்டக்குடி பொன்னுரங்கம் அவர்களின் 35 கிலோ விதையில் வந்த கொடி. நானே கையால் சேர்த்தது.

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும்போது விதை நொறுங்கிவிடும். அதனால் பஞ்சில் சுற்றிப் பற்பசை அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் வைத்த உறை மெல்லியது. அடுத்த முறை கெட்டியான உறை வைக்கவும்.

இப்படிக்கு,
ப. அன்பரசு
உறுப்பினர் எண் 4


செம்மண்டலம்
28.11.2010

அன்புள்ள அண்ணா,

"அடுத்த முறை" என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். சார்லஸ் சிரித்தார். "அவரு ஒறைக்குச் சொல்றாரு, நீ ஒறவுக்குன்னு எடுத்துக்கிற" என்றார்.

முடிவைத் தெரிவிக்க வேண்டியது கடமை. மூன்றில் ஒன்று அழுகிவிட்டது. இரண்டு முளைத்தன. குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் குழி போட்டேன். ஒரு கொடியின் பெண்பூவில் இன்னொரு கொடியின் ஆண்பூவைச் சேர்த்தேன். ஒரே ஒரு பிஞ்சை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கிள்ளிப் போட்டேன். கிள்ளும்போது என்ன பாவமோ என்று இருந்தது.

காய் 44 கிலோ. பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தோம். கடைக்காரர், அவர் பெண்டாட்டி, ஆட்டோக்காரர் இருவர் சாட்சி. உன்னுடையதைவிட ஜாஸ்தி. சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொல்லிக்காட்டத்தான் சொல்கிறேன்.

அதே தராசில் பிரிசியையும் உட்காரவைத்தேன். ஏழரைதான். காய் வாரத்துக்கு வாரம் ஊதிக்கொண்டே போனது, பிள்ளை அப்படியே இருக்கிறாள். எனக்குத் தூக்கமே வருவதில்லை அண்ணா, மூச்சு வருகிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "புள்ளைய தராசுல வைக்காத, எவனாவது வெல கேட்டுறப் போறான்" என்கிறார் சார்லஸ். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

நீ கேட்கவில்லை, ஆனாலும் விதை ஐந்து வைத்திருக்கிறேன். வாங்கியவர் திருப்பி அனுப்புவது வட்டத்து வழக்கமாமே.

உன்
வெண்மதி


சிதம்பரம்
10.12.2010

உறுப்பினர் திருமதி வெண்மதி சார்லஸ் அவர்களுக்கு,

விதை வந்தது. நன்றி. 44 கிலோ என்பதை வட்டத்தின் பதிவுக்கு அனுப்ப வேண்டுமானால், பழைய பேப்பர் கடைத் தராசு ஏற்கப்படாது. முத்திரையிட்ட தராசில் நிறுக்க வேண்டும். குளியலறைத் தண்ணீரில் சோப்பு இருக்குமே, இலை கருகவில்லையா? எவ்வளவு நாள் விட்டீர்கள்? விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
ப. அன்பரசு

பின்குறிப்பு: ஏழரை கிலோ என்பது அந்த மாதத்துக்குக் குறைவா? (விதை சம்பந்தமில்லாத கேள்வி. பதில் கட்டாயமில்லை.)


செம்மண்டலம்
4.1.2011

அண்ணா,

கட்டாயமில்லாத பதிலை முதலில் எழுதுகிறேன். கொஞ்சம் குறைவுதானாம், பயப்பட வேண்டாமாம். டாக்டரம்மா மூன்றுமுறை சொல்லிவிட்டார். நாலாவது முறை போனபோது, "நீங்க நல்லாச் சாப்புடுங்க, அவ சாப்புடுவா" என்று திட்டி அனுப்பினார். நேற்று அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றேன், கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

சோப்புத் தண்ணீரை நேராக விடவில்லை. மணலும் வாழைக்கட்டையும் போட்ட குழியில் தேங்கவிட்டு, அதற்கப்புறம்தான் கொடிக்கு.

நான் அனுப்பியதை ஊன்றுவாய்தானே? அண்ணிக்குத் தெரியாமல் என்றாலும் பரவாயில்லை. கொடிக்கு யார் வீட்டு விதை என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது.

வெண்மதி


சிதம்பரம்
12.6.2011

உறுப்பினர் திருமதி வெண்மதி சார்லஸ் அவர்களுக்கு,

உங்கள் விதை முளைத்தது. கொடி நன்று. காய் விவரம் பின்னர்.

ப. அன்பரசு


செம்மண்டலம்
20.11.2011

அண்ணா,

பின்னர், பின்னர் என்று ஐந்து மாதமாகக் காத்திருந்தேன். காய் விவரம் உன்னிடமிருந்து வரவில்லை. திட்டக்குடியிலிருந்து வந்தது.

பொன்னுரங்கம் ஐயாவிடம் விதை கேட்டிருந்தேன். பெரிய மனசுக்காரர், நீ அவருக்குக் கொடுத்ததிலிருந்தே இரண்டை எனக்கு அனுப்பினார். விதிப்படி உன் பெயரைச் சொல்லித்தான். பொட்டலத்தின்மேல் உன் கையெழுத்து. "அன்பரசு 52 கிலோ. பெண்பூ: அன்பரசு 38. ஆண்பூ: தெரியாது."

ஐம்பத்திரண்டு! சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் கடைசி வரியைக் கவனிக்கவே இல்லை. அப்புறம் அவருக்குப் போன் போட்டேன்.

"வண்டு சேத்ததா ஐயா?" என்று கேட்டேன்.

"வண்டா! நான் அன்னிக்கு அவரு வூட்டுலதாம்மா தங்கியிருந்தேன். வண்டு நுழையாம சாயங்காலமே பூ ரெண்டையும் நூலால கட்டிட்டாரு. விடிஞ்சதும் நாந்தான் பெண்பூவ விரிச்சிப் புடிச்சேன்."

"ஆண்பூ எந்தக் கொடியில பறிச்சாரு?"

"வேற எது, அவரு தோட்டத்துல ரெண்டே கொடி. கடலூருன்னு சீட்டு கட்டியிருந்துச்சே, அதுலதான்."

நான் உன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டேன்.

அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் மகன், மருமகள் என்று மட்டும் போட்டீர்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அது குடும்பம், அதில் ஆயிரம் இருக்கும். இது விதை. தெரிந்த கொடியைத் தெரியாது என்று எழுதுவதைவிடப் பெரிய குற்றம் உங்கள் வட்டத்தில் கிடையாது, விதைக்கு விலை வைத்தவனைக்கூட ஒருமுறை மன்னிக்கிறார்கள். அதை நீ செய்திருக்கிறாய். உன் மாமனார் பார்க்கிற சீட்டில் என் பெயர் இருக்கக்கூடாது என்பதற்காக.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிடு என்று கேட்கவில்லை. அந்த வரியில் என் பெயரை எழுது.

வெண்மதி


செம்மண்டலம்
9.12.2011

அண்ணா,

உறை வைக்காமல் எழுதினேன் என்பதற்காகப் பதில் இல்லையா, அல்லது பதிலே இல்லையா?

விதை விவரம் பொய் என்று தெரிந்தவர் தலைவருக்கு எழுத வேண்டும் என்று தாளில் இருக்கிறது. நான் எழுதினால் உன்னை நீக்கிவிடுவார்கள். ஒரு வருஷமாக என் விதையை வாங்கி ஊன்றினாய் என்பதும் உத்திராபதி மாமாவுக்குத் தெரிந்துவிடும். எழுதாவிட்டால், இந்த விதை போகிற ஊரிலெல்லாம் நான் "தெரியாது." இரண்டு நாளாக அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிசிக்கு வேறு காய்ச்சல்.

முடிவு செய்துவிட்டேன். எழுதப்போவதில்லை. நான் புகார் செய்து வருகிற பெயர் எனக்கு வேண்டாம். நீ சொன்னால்தான் அது என் பெயர்.

பதினெட்டாம் தேதி மங்கலம்பேட்டையில் எடைபோடும் கூட்டம் என்று அழைப்பு வந்தது. நான் வரவில்லை. இனி விதையும் அனுப்ப மாட்டேன்.

வெண்மதி


சிதம்பரம்
2.1.2012

வெண்மதி,

நாலு நாளாக உன் நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். வட்டத்தின் பட்டியலிலிருந்து எடுத்த நம்பர். அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்றே வருகிறது. கடலூரில் புயல் கரையேறியது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கேயும் காற்று பலம்தான், ஆனால் உங்கள் பக்கம்போல் இல்லை என்கிறார்கள். வீட்டுக் கூரை எப்படி? குழந்தை பயந்துவிட்டதா?

புயலுக்கு முந்தைய சேதியை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். பதினெட்டாம் தேதி கூட்டத்தில் மாமா என் காயின் விவரத்தை மைக்கில் வாசித்தார். ஆண்பூ தெரியாது என்று அவர் வாசித்ததும் எழுந்து, "தெரியும் மாமா. தப்பா எழுதிட்டேன். கடலூர் வெண்மதி, நாப்பத்திநாலு" என்றேன்.

"எந்த வெண்மதி?" என்றார். மைக்கை அணைக்கவில்லை.

"என் தங்கச்சி வெண்மதி."

பொன்னுரங்கம்தான், "அட, அந்தப் பொண்ணா! எங்கிட்ட போன்ல போலீஸ்காரி மாதிரி கேட்டுச்சே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அன்பரசு?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பொய் விவரம் கொடுத்ததற்கு என்னை வட்டத்திலிருந்து நீக்கினார். விதிப்படி அது சரிதான். வீட்டு விஷயத்துக்கு விதி இல்லாததால் அதைப் பற்றி என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். வாங்கியவர் எல்லோருக்கும் திருத்தி எழுதிவிட்டேன். உன் பெயர் எல்லாப் பொட்டலத்திலும் போயாயிற்று.

உன் அண்ணி காயத்ரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எங்க அப்பாவ சபையில வச்சி இப்படிப் பண்ணிட்டியே என்றாள். நியாயம்தான். புயலுக்கு மறுநாள், நான் போனை வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்துவிட்டு, "போன்லயே எத்தினி நாளு அடிப்ப? போயி பாத்துட்டு வா" என்றாள். தானும் வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை வருகிறேன். பஸ் ஓடுகிறது என்றார்கள். ஓடாவிட்டால் ஓடுகிற அளவுக்கு வந்து மீதியை நடக்கிறேன். என்ன வேண்டும் என்று எழுது. மெழுகுவத்தி, பால் பவுடர் எடுத்துவருகிறேன். உன் வீட்டுக்காரர் என்ன சாப்பிடுவார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்
அன்பரசு


செம்மண்டலம்
5.1.2012

அண்ணா,

தபால்காரர் சாய்ந்த கம்பங்களைத் தாண்டித் தாண்டி வந்து இப்போதுதான் உன் கடிதத்தைக் கொடுத்தார். நின்றபடியே எழுதுகிறேன். அவர் தெருக்கோடிவரை போய்த் திரும்புவதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். பின்பக்கத்து ஷீட் பறந்துவிட்டது, முன்னறையில் படுத்துக்கொள்கிறோம். கரண்ட் இல்லை, எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை, அதனால்தான் போன் செத்துக்கிடக்கிறது. கொடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழவில்லை. அன்று ராத்திரி காற்று கதவை இடித்தபோது பிரிசியை மடியில் இறுக்கிக்கொண்டு, வேறு எது போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். அவள் தூங்கிவிட்டாள் அண்ணா, அந்தச் சத்தத்தில்!

பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் கிடைத்தால் ஏறு, கிடைக்காவிட்டால் ஷேர் ஆட்டோ. செம்மண்டலம் என்று சொன்னால் போதும். ரோட்டிலிருந்து உள்ளே வருகிற இரண்டாவது தெரு. நடுவில் வேப்பமரம் விழுந்து கிடக்கிறது, இன்னும் அறுக்கவில்லை, இடப்பக்கம் குனிந்து வர வழி இருக்கிறது. கம்பி தொங்கினால் தொடாதே. கரண்ட் இல்லைதான், ஆனாலும் தொடாதே.

பால் பவுடர் கொண்டுவா. மெழுகுவத்தியும். சார்லஸ் எதுவும் சாப்பிடுவார். நீ வருகிறாய் என்று சொன்னதும், "சட்ட தேய்க்கணுமே" என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பிளக்கைப் பார்த்தபடி நிற்கிறார். எனக்குத்தான் என்ன சமைப்பது, எங்கே உட்காரவைப்பது, முதலில் என்ன பேசுவது, ஒன்றும் ஓடவில்லை. பிரிசிக்குப் புது ஆள் என்றால் ஆகாது, தெருவே கேட்கிற மாதிரி கத்துவாள். கத்தினால் மனசு விட்டுவிடாதே, கொஞ்ச நேரத்தில் அவளே வருவாள்.

அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல். மாமாவிடம் சொல்லாதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

தபால்காரர் திரும்பி வருகிறார். இது சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் வா.

தங்கச்சி
வெண்மதி